மாமாவின் வலப்பக்கக் கண்ணாடி

குடும்பத்தில் ஒருத்தி தமிழ் இலக்கியம் படிக்கிறாள் என்றால், அவளுக்கு வேலை கிடைக்குமா என்பதில் எல்லோருக்கும் ஐயம் உண்டு. அவளிடம் மைக்கைக் கொடுக்கலாமா என்பதில் மட்டும் ஒருவருக்கும் ஐயம் வருவதில்லை. காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, கடைத் திறப்பு என்று எது நடந்தாலும், பந்தி போடுவதற்குச் சற்று முன்னர், "நம்ம பிள்ள ரெண்டு வார்த்தை பேசும்" என்று யாராவது அறிவித்துவிடுகிறார். பசித்திருக்கும் கூட்டத்தின் முன் நிறுத்தப்படும் அந்தப் பிள்ளைக்குப் பேச விருப்பம் உண்டா என்று கேட்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. (இன்ஜினியரிங் படித்தவனை ஃபேன் ரிப்பேர் பார்க்கச் சொல்வதும் இதே கணக்குதான்.)

நான் பேச்சில் விருப்பமுள்ளவள் அல்லள். மதுரையில் கல்லூரி முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, "பாளையம்பட்டி நிப்பாட்டுங்க" என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் வரை போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துப் பின்னோக்கி வந்த நாள்கள் பல. ஆனால் அரிதாகப் பேசுகிறவர்களுக்கென்று ஒரு குறை உண்டு. தொடங்கிவிட்டால் துல்லியமாகப் பேசியே தீர்வார்கள். பொதுவாக நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்கும் சாமர்த்தியம் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. என் மாமாவின் அறுபதாம் கல்யாணம் என்ன கதிக்கு ஆளானது என்பதை விளக்க இந்த ஒரு குறை போதும். எனினும் கதையில் என்னைவிடத் துல்லியமான இன்னொருத்தி இருக்கிறாள். அவளிடமிருந்து தொடங்குவதே முறை.

செல்வி அக்கா என் பெரியப்பா மகள். எங்களுக்கு அடுத்த வீடு. அவள் ஓவியர் என்று சொன்னால், கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவள் என்று எடுத்துக்கொள்வார்கள். அவள் வரைவது வேறு. தேய்ந்து நடுவில் குழிந்துபோன ஒரு குளியல் சோப்பு, அதில் ஒட்டியிருக்கும் ஒற்றைத் தலைமுடி, முடியின் நுனியில் விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு நீர்த்துளி. அவ்வளவுதான் படம். ஆனால் அந்தச் சோப்பு ஒரு கட்டில் அகலம் இருக்கும். அருகில் போனால் நம்மையறியாமல் வழுக்கிவிடுமோ என்று காலை ஊன்றி வைப்போம்.

இத்தகைய ஓவியத்தைப் பார்த்து ஈ ஏமாந்தது, குருவி ஏமாந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். எங்கள் வீட்டில் ஈயும் குருவியும் ஏமாறவில்லை. பெரியம்மாதான் வந்தார். அப்போது அக்கா ஓர் எவர்சில்வர் வாளியை வரைந்து முடித்திருந்தாள். வாளியின் வயிற்றில் நசுங்கிய ஒரு சொட்டை. அந்தச் சொட்டைக்குள் முற்றமும் கொடியில் காயும் துணிகளும் வளைந்து நெளிந்து தெரிந்தன.

"வாளி வரையறதுதான் வரையற, சொட்ட இல்லாத வாளியா வரைஞ்சா என்ன?" என்றார் பெரியம்மா. "பாக்குறவுக நம்ம வீட்டுல ஒரு நல்ல வாளி இல்லன்னு நெனைக்க மாட்டாகளா?"

"சொட்ட இருக்கேம்மா."

"இருந்தா? அதப் போயி ஊருக்குக் காட்டணுமா? நாலு மாசமா இத வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க. போன எடுத்து ஒரு அமுக்கு அமுக்குனா முடிஞ்சு போச்சு."

"போன் எங்கம்மா பாக்குது? அது புடிக்குது, அம்புட்டுத்தான்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். அதைப் பிற்பாடு ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்தலாம் என்பது என் எண்ணம். (பேராசிரியர் அடிக்குறிப்பு எங்கே என்று கேட்டார். எங்க பெரியம்மா வீட்டு முற்றம் என்று எப்படி எழுதுவது?)

அக்காவின் சிக்கல் இடம். பெரியப்பா வீடு சிறியது. டி.வி. இருக்க வேண்டிய சுவரில் வாளி நின்றது. விருந்தாளி வந்தால் வாளியைத் தூக்கி மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். வைகாசிக்குள் வேறு இடம் அமையவில்லை என்றால், திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பூ டிசைன் போடும் வேலைக்குப் போய்விட வேண்டியது என்று பெரியப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அக்கா தூரிகைகளைத் துடைத்து ஒரு டப்பாவில் அடுக்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். அன்றுதான், வாழ்க்கையில் முதன்முறையாக, பிறர் கேட்காமல் நானாகப் போய் ஒருவரிடம் பேசுவது என்று துணிந்தேன்.

அந்த ஒருவர் என் தாய்மாமா. அருப்புக்கோட்டையில் ஹார்டுவேர் கடை. கட்டுக்கம்பி, ஆணி, பைப், பெயிண்ட். பாளையம்பட்டியில் அவருக்கு ஒரு குடோன் இருந்தது. குடோனுக்கு மேலே வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலோடு ஓர் அறை சும்மா கிடந்தது. வரும் வைகாசியில் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். அக்கா மாமாவை வரையட்டும், விழாவில் படத்தைத் திறக்கலாம், அதற்கு ஈடாக அந்த அறையை அவளுக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்டேன். இந்தப் பேச்சை நான் பஸ்ஸில் காரியாபட்டியிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன் என்பதையும், அதனால் வழக்கம்போல் ஊரைத் தாண்டிப் போய்விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமா பெருந்தன்மையானவர். "நம்ம கடையில பெயிண்டு எம்புட்டு லிட்டர் வேணுமோ எடுத்துக்கச் சொல்லுத்தா. மழைக்கும் தாங்குற மாதிரியே குடுத்துவிடுறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரூமு விசயம் மட்டும் உங்க அத்தைய ஒரு வார்த்தை கேட்டுக்க. சாவி அவகிட்டதான் இருக்கு" என்றார்.

அத்தை அந்த அறையில் விசேஷப் பாத்திரங்களை அடுக்குவதாக முடிவு செய்திருந்தார். என் மன்றாடலைக் கேட்டுவிட்டு, "மொதல்ல படம் வரட்டும். மண்டபத்துல வச்சுப் பாக்குறேன். எனக்குப் புடிச்சிருந்தா அங்கயே சாவி. புடிக்கலன்னா பாத்திரம்" என்றார். தீர்ப்பு தெளிவாக இருந்தது.

அத்தையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாமாவுக்குச் சர்க்கரை. காலில் ஒருமுறை புண் வந்து ஆறாமல் பயமுறுத்திய பிறகு, அத்தை வீட்டிலிருந்து இனிப்பை நாடு கடத்திவிட்டார். அரிசி போய்க் குதிரைவாலி வந்தது. வெந்தயமும் பாகற்காயும் நிரந்தர விருந்தாளிகள் ஆயின. மாமா ஒருவர் மட்டும் பத்தியம் இருப்பது பாவம் என்று அத்தையும் சீனி இல்லாத காப்பி குடித்தார். மாமாவோ இந்தத் துறவில் புகழ் பெற்றுவிட்டார். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால் நெஞ்சில் கைவைத்து மறுப்பார். கடைக்கு வருகிறவர்களிடம், "நாக்க அடக்குனவனுக்கு நோயில்ல அண்ணாச்சி" என்று ஆணியோடு அறிவுரையும் நிறுத்துக் கொடுப்பார். இத்தனைக்கும் சர்க்கரை மட்டும் குறையவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். தன் சமையலில் எங்கோ பிழை இருக்கிறது என்று அத்தை ஒவ்வொரு சாமானாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் நின்றது. கிழங்கு நின்றது. அத்தை இளைத்தார்.

அக்கா வேலையைத் தொடங்கினாள். அவள் முறை இது: ஆளை நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்துத் தன் கேமராவில் ஒரு படம் எடுப்பாள், அதைப் பெரிதாக அச்சிட்டுச் சிறுசிறு கட்டங்களாகக் கோடு போடுவாள், பிறகு படத்தையும் கேன்வாஸையும் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக நிரப்புவாள். தலைகீழாக ஏன் என்று கேட்டேன்.

"நேரா வச்சா மூக்கு மூக்காத் தெரியும் பவி. தெரிஞ்சதும் கை தன்னால மூக்கு வரைஞ்சிரும். கவுத்து வச்சா இந்தக் கட்டத்துல ஒரு பழுப்பு, அடுத்ததுல ஒரு வெள்ள, அம்புட்டுத்தான். அது என்னன்னு நான் கேக்குறதே இல்ல."

இதையும் எழுதிக்கொண்டேன். இப்படி ஒரு முறையால் மனிதருக்கு ஆபத்து வரக்கூடும் என்று அப்போது தோன்றவில்லை.

அக்காவுக்கு மாமா ஒருநாள் வந்தால் போதும். தோலின் நிறம் பார்க்க இன்னொரு நாள். ஆனால் மாமா தினமும் மதியம் வந்தார். மதியத் தூக்கத்தை அவர் உயிரைப் போல மதித்தவர். அதைத் துறந்து, வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு, பெரியப்பா வீட்டுக்கு வந்து அசையாமல் உட்கார்ந்தாராம். "போதும் மாமா, இனி நீங்க வரணும்னு இல்ல" என்று அக்கா சொன்னபோது, "இல்லத்தா, மீசை இன்னும் சரியா உக்காரல. நாளைக்கும் வாரேன்" என்றாராம். பகலெல்லாம் கல்லூரியில் இருந்த நான் இதைச் செவிவழியாகக் கேட்டு நெகிழ்ந்தேன். கட்டுக்கம்பிக் கடைக்காரருக்குள் ஒரு ரசிகர் விழித்துக்கொண்டார் என்று முடிவு கட்டினேன். அதை அத்தையிடம் போய்ச் சொல்லவும் செய்தேன். அத்தைக்கும் மகிழ்ச்சி. "வீட்டுல ஒரு எடத்துல நிக்க மாட்டாக. அங்க போயி அமைதியா ஒக்காருறாகன்னா நல்லதுதானே" என்றார்.

மகிழ்ச்சியோடு சில கோரிக்கைகளையும் என்னிடம் கொடுத்தனுப்பினார். எங்கள் ஊர் ஸ்டுடியோக்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. உள்ளே எந்த நிறத்தில் போனாலும் எல்லோரும் ஒரே மாவு நிறத்தில் வெளியே வருவார்கள். மச்சம், மரு, அம்மைத் தழும்பு எல்லாம் வாசலிலேயே கழற்றி வைக்கப்படும். அந்தப் பண்பாட்டில் வளர்ந்த அத்தை, "கழுத்துக் கருப்ப எடுத்துரச் சொல்லு. மூக்கோரத்து மச்சம் வேண்டாம். முக்கியமா, முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இருக்குல்ல சந்து, அத அடச்சிரச் சொல்லு. கல்யாண ஆல்பத்துலயே அடச்சுத்தான் குடுத்தாக" என்றார்.

அக்காவிடம் சொன்னேன். அவள் தூரிகையை நிறுத்தாமல், "சந்து இருக்கே" என்றாள்.

இரு தரப்புக்கும் இடையில் தூது போன நான் செய்திகளைச் சற்றுச் செப்பனிட்டேன். அத்தையிடம், "அக்கா கவனத்தில் வைத்துக்கொண்டாள்" என்றேன். அது பொய்யன்று. பல்லிடைவெளியை மிகுந்த கவனத்தோடுதான் வரைந்துகொண்டிருந்தாள்.

விழா அத்தையின் பிறந்த ஊரான திருச்சுழியில், ஒரு மண்டபத்தில். படம் என்னைவிட உயரமாக இருந்தது. அதைப் புது வேட்டியால் மூடி, ஒரு குட்டியானை வண்டியில் நிறுத்தி, இருபுறமும் நானும் அக்காவும் பிடித்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் கருவேல முள்ளும் காற்றும். ஓரிடத்தில் வேட்டி விலகி, மாமாவின் முகம் ஒரு டீக்கடையை முழுமையாகப் பார்த்தது. கடையில் நின்ற பெரியவர் ஒருவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "யாரு, எப்ப தவறுனாக?" என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை, இன்றைக்கு அவருக்குக் கல்யாணம் என்றேன். அவர் மறுபடி படத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் டீயைக் குடித்தார்.

சடங்குகள் முடிந்தன. தலையில் ஊற்றிய கலச நீர் காய்ந்து, பட்டுடுத்தி, மாலையும் கழுத்துமாக மாமாவும் அத்தையும் மேடையில் அமர்ந்தார்கள். மாமாவே எழுந்து படத்தை மூடியிருந்த வேட்டியை இழுத்தார்.

முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பிறகு, "யாத்தே" என்று ஒரு குரல். பிறகு எல்லாக் குரல்களும். மாமாவின் முகம் சுவரை அடைத்துக்கொண்டு மெல்லச் சிரித்தது. தாடையில் மழித்த முடியின் வேர்ப்புள்ளிகள். இமையோரத்தில் ஓர் ஈரம். மூக்குக்கண்ணாடியின் ஒவ்வொரு வட்டமும் பெரிய தாம்பாளம் அளவுக்குப் பளபளத்தது. சிலர் படத்தின் பின்னால் போய் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மூக்கின் மேல் விரலை வைத்து, விரலைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தூணுக்குப் பின்னால் நின்று அத்தையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை நெடுநேரம் பார்த்தார். "மச்சத்த எடுக்கல" என்றார். பிறகு, "பல்லையும் அடைக்கல" என்றார். அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னை அழித்தது.

"நல்லாத்தான் இருக்கு. அச்சு அசலா போட்டோ மாதிரியே இருக்கு. அப்ப போட்டோவே போதுமே? இதுக்குன்னு தனியா ஒரு ரூமு வேணுமாக்கும்? அங்க பாத்திரமெல்லாம் வெளிய கெடக்கு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து, "இப்ப நம்ம பிள்ள ரெண்டு வார்த்தை பேசும்" என்று அறிவிப்பு வந்தது. முன்பெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு போவார்கள். அன்று நான் ஏறக்குறைய ஓடினேன்.

ஒரே நோக்கம்: போட்டோ வேறு, ஓவியம் வேறு என்று அத்தைக்கு நிறுவ வேண்டும். வகுப்பில் ஒரு செய்யுளை அடி அடியாக, சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் காண்பது எனக்குப் பிடித்த வேலை. அதே முறையில் மாமாவைப் பிரிப்பது என்று முதல்நாளே திட்டமிட்டிருந்தேன். சீரியல் பல்பு மாட்டும் கம்பு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"அவையோர்க்கு வணக்கம். இந்த ஓவியத்தில் கற்பனை எள்ளளவும் இல்லை" என்று தொடங்கினேன். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.) "உள்ளதை உள்ளபடி, ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல் கண்ட கண்கள் இவை. ஸ்டுடியோவில் அடைத்துவிடும் இந்த முன்பல் இடைவெளியை ஓவியர் அடைக்கவில்லை. ஏனெனில் இது மாமாவின் கையெழுத்து. உலகில் வேறு எவருக்கும் இந்த இடைவெளி கிடையாது."

கைதட்டினார்கள். அதுவரை எனக்கு யாரும் கைதட்டியதில்லை. அந்த ஒலி தலைக்கு ஏறிவிட்டது.

"இப்போது கண்ணாடிக்கு வருவோம். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் மினுக்கம். அருகில் வந்து பாருங்கள். இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், மரத்தை ஒட்டிக் கரண்டுக் கம்பி. வலப்பக்கக் கண்ணாடியில் ஒரு முக்காலி. முக்காலியில் விரித்த செய்தித்தாள். செய்தித்தாளின் மேல், இதோ, பழுப்பு நிறத்தில், சுற்றுச் சுற்றாக, எண்ணெய் மினுமினுப்போடு ஒரு பொருள்." கம்பை அதன் மேல் வைத்தேன். "இது செம்புக் கம்பிச் சுருள். மாமாவின் தொழிலுக்கு ஓவியர் வைத்திருக்கும் குறியீடு. சுருளின் ஒரு பக்கம் அறுபட்டிருப்பதைக் காண்க. ஆனால் நடுவில் ஓர் இழை மட்டும் அறுபடவில்லை. எத்தனை துன்பம் வந்தாலும் அறுபடாத இல்லற இழை அது."

மேடையில் அத்தை எழுந்திருப்பதைப் பார்த்தேன். என் விளக்கத்தில் உருகி எழுகிறார் என்றே நினைத்தேன். மாலையோடு நடந்து வந்தார். இடுப்பில் செருகியிருந்த தன் வெள்ளெழுத்துக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படத்தின் வலப்பக்கக் கண்ணாடிக்குள் குனிந்தார். மைக் என் கையில் இருந்தது. என் கை அத்தையின் அருகில் இருந்தது.

"இது கம்பியில்ல" என்றார் அத்தை. மண்டபத்தின் நாலு மூலையிலும் அவர் குரல் கேட்டது. "இது கருப்பட்டி மிட்டாய்."

எங்கள் பக்கத்துக் கருப்பட்டி மிட்டாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பி போலப் பிழிந்து, சுற்றுச் சுற்றாக, பாகில் ஊறி மினுங்கும். அதைக் கையில் எடுத்துத் தின்று வளர்ந்தவள் நான். இருந்தும் குறியீடு தேடும் கண்ணுக்கு அது தெரியவில்லை.

"கடிச்சிருக்கு" என்றார் அத்தை.

பிறகு அவர் செய்ததை என் பேராசிரியர்கள் எவரும் அத்தனை நேர்த்தியாகச் செய்ததில்லை. அறுபடாத அந்த ஓர் இழையை விரலால் தொட்டார். விரலைக் கீழே இறக்கி, படத்திலிருந்த சிரிப்புக்குக் கொண்டுவந்தார். முன்பற்களின் சந்தில் விரல் நின்றது. மறுபடி மேலே இழை. மறுபடி கீழே சந்து. இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடச் சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"யாருக்குங்க இந்தச் சந்து?" என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"அது... செல்விக்குன்னு வாங்கிட்டுப் போனது" என்றார் மாமா.

"எனக்கு இனிப்பு ஆகாது மாமா" என்றது தூணின் பின்னாலிருந்து ஒரு குரல். அவள் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை. தகவலைத் திருத்தினாள், அவ்வளவுதான்.

"தெனமும் மதியம்!" அத்தைக்கு எல்லாக் கட்டங்களும் நிரம்பத் தொடங்கின. "மீசை சரியா உக்காரலன்னு போனது இதுக்குத்தானா? இங்க நான் தேங்காய நிறுத்துனேன், கெழங்க நிறுத்துனேன். என் கையில என்ன கோளாறுன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தேன். முந்தி கடையில, இப்ப அங்கன்னு நீங்க மிட்டாய் தின்னுக்கிட்டு இருந்தீகளா?"

மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். தப்பிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழி என் மேல் ஏறிப் போயிற்று.

"அடி இவளே, வரைஞ்சதெல்லாம் நெசமாயிருமா? அவளா கற்பனை பண்ணி வரைஞ்சிருப்பா. ஏத்தா பவி, நீ படிச்ச பிள்ள, நீயே சொல்லு. கற்பனைதானே?"

மண்டபம் முழுவதும் என் வாயைப் பார்த்தது. கற்பனை என்று சொன்னால் மாமா தப்பிப்பார், படம் பொய்யாகும், அக்கா திருப்பூருக்குப் பஸ் ஏறுவாள். கற்பனை இல்லை என்றால் மாமாவின் அறுபதாம் கல்யாணம் அங்கேயே முடியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து கிடைக்குமா என்று தேடினேன். எனக்கு வாய்த்த வாக்கியம் இது:

"காண்பவரின் அகநிலையும் காணப்படுபொருளின் புறநிலையும் ஒன்றையொன்று ஊடுருவும் கலைப்படைப்பில், உள்ளது எது, உணரப்பட்டது எது என்று வரையறுப்பது எளிதன்று."

"தமிழ்ல சொல்லு புள்ள" என்றார் அத்தை.

"தமிழ்லதான் சொன்னேன் அத்தை."

செல்வி அக்கா தூணின் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அவளும் என்னைப் போலப் பொது இடத்தில் பேசாதவள்தான். ஆனால் அவளுக்குச் சிறிய வாக்கியங்கள் தெரியும்.

"நான் பாக்காதத வரைய மாட்டேன் அத்தை. எனக்கு அது வராது. மிட்டாய் அங்க இருந்துச்சு."

"ஏத்தா, நான் உன்கிட்ட யாருக்கும் சொல்லாதன்னு சொல்லியிருந்தேன்ல?" என்றார் மாமா. அந்தக் கேள்வியில் மிச்சமிருந்த வழக்கும் முடிந்துபோயிற்று என்பது அவருக்குக் கடைசியாகத்தான் உறைத்தது.

"நான் யாருக்கும் சொல்லலையே மாமா."

"வரைஞ்சு வச்சிருக்கியே!"

"வரையக் கூடாதுன்னு நீங்க சொல்லல."

முதல் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார். இருமல் பரவியது. மாமாவுக்குக் காது சிவந்தது. "மாடி ரூமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. போ! படத்தக் கட்டி எடுத்துட்டுப் போ!" என்று கத்தினார்.

அக்கா குனிந்து, கீழே கிடந்த வேட்டியை எடுத்து உதறினாள். மைக்கை வைத்துவிட்டுப் படத்தின் ஒரு மூலையை நான் பிடித்தேன். என் துல்லியத்தால் அவளுக்கு இருந்த ஒரே இடத்தையும் தொலைத்துவிட்டேன் என்று அப்போது புரிந்தது. கம்பு இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"வேட்டிய கீழ போடு" என்றார் அத்தை.

கூரைப்புடவையின் இடுப்பு மடிப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினார். (அறுபதாம் கல்யாணத்திலும் அதை அவர் யாரையும் நம்பிக் கொடுத்திருக்கவில்லை.) ஒரு சாவியை நகத்தால் நெம்பிப் பிரித்தார்.

"அது என் குடோனு!" என்றார் மாமா.

"உங்க குடோனுதான். யாரு இல்லன்னா? சாவி என் இடுப்புல." அக்காவின் உள்ளங்கையைப் பிடித்து விரித்து அதில் சாவியை வைத்தார். "அம்புட்டு போட்டோ எடுத்தாக இவுகள. ஒரு போட்டோவாவது எனக்கு எதையாச்சும் சொல்லுச்சா? பல்ல அடச்சு, மூஞ்சிக்கு மாவு பூசிக் குடுத்தாக. இது ஒண்ணுதான் நெசத்தச் சொல்லுது. பாத்திரத்த நான் கட்டிலுக்கு அடியில வச்சுக்கிருவேன். நீ போயி வரை."

அக்கா சாவியைப் பார்த்தாள். வழக்கம்போல் அதில் என்னென்ன நிறங்கள் இருக்கின்றன என்றுதான் பார்த்திருப்பாள். ஆனால் கண்ணில் நீர் நின்றது. அதை நான் கம்பால் சுட்டிக்காட்டவில்லை.

பந்தியில் மாமாவின் இலைக்குக் கேசரி வரவில்லை. பக்கத்து இலைகளில் விழுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் இப்போது அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில், மாமா உட்காரும் இடத்துக்கு நேரெதிரே தொங்குகிறது. தன்னைவிடப் பெரிய தன் முகம் தன்னையே பார்க்க, அவர் குதிரைவாலிச் சோறு சாப்பிடுகிறார். சர்க்கரை குறைந்துவிட்டது; டாக்டர் மாத்திரையைக் குறைத்தார்; அத்தையின் சமையலுக்குத் தேங்காய் திரும்ப வந்தது. அக்கா குடோன் மாடியில் இருக்கிறாள். அங்கே அவள் வரைந்த அடுத்த முகம் அத்தையுடையது. அந்தப் படம் முடிந்ததும் மாமா பூதக்கண்ணாடி வாங்கிக்கொண்டு போய் மூலை மூலையாகத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அத்தை மூக்குத்தியையும் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஏன் அப்படி என்று கேட்க என்னைத் தவிர வேறு யாருக்கும் தோன்றவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. நான் வருகிறேன் என்று தெரிந்தால் எங்கள் உறவில் பாதிப் பேர், "பவி வாரா, கண்ணாடிய கழட்டு" என்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்கிறார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள்களுக்குக்கூட, கோலம் போடக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். மாமா இதில் மிகக் கண்டிப்பானவர். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுப் பட்டனும் மாட்டிக்கொண்டு, "வாத்தா, இப்பப் பேசு" என்கிறார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதுவும் சரியாகத் தெரியாது. என்னைப் பார்த்துப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஃபிரிட்ஜைப் பார்த்து நலம் விசாரிக்கிறார். நானும் அதைத் திருத்தாமல் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, நல்லா இருக்கேன் மாமா என்று பதில் சொல்கிறேன்.